வான் கதவு திறந்தது, எந்தக் கதவு?

சொல்வதெழுதல் வகுப்பு. மாலை நான்கு மணியாகியும் தகரக் கூரை சுட்டுக்கொண்டிருந்தது. “ஐ சீ த சீ” என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்து, இங்கே அம்மம்மா வீட்டில் தங்கிப் படிக்கும் ஆறாம் தரப் பிள்ளை ஒருத்தி, இரண்டு இடத்திலும் எஸ், ஈ, ஈ என்றே எழுதியிருந்தாள். இரண்டாவதைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டேன். கொப்பியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“சேர், நீங்கள் இரண்டு தரமும் ஒரே மாதிரித்தானே சொன்னீர்கள்?”

உண்மைதான். கடலை அவளுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவள். பார்ப்பது என்ற சொல்லும் அவளுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று: காதுக்கு ஒன்றாகக் கேட்கும் இந்த இரண்டையும் கை ஏன் வேறு வேறாக எழுத வேண்டும்? “ஆங்கிலம் அப்படித்தான்” என்று சொல்லி அடுத்த வரிக்குப் போகும் ஆசிரியர்கள் நிறையப் பேர். நானும் பல ஆண்டு அப்படித்தான் போனேன். ஆனால் கேள்விக்குப் பதில் இருக்கிறது, அந்தப் பதில் வன்னிப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய ஒன்றுதான்.

காட்டுக்குள் விறகுக்கோ தேனுக்கோ போனவர்களுக்குத் தெரியும். நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று நிலம் நீளமாக மேடேறும். மரம் முளைத்து, வேர் பின்னிக் கிடக்கும் அந்த மேடு, எப்போதோ இருந்த குளத்தின் கட்டு. தண்ணீர் போய்விட்டது, வயல் போய்விட்டது, தண்ணீர் திறந்துவிடும் துருசின் கல் மட்டும் ஓரிடத்தில் சாய்ந்து கிடக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் அப்படிப்பட்ட கட்டு. ஒரு காலத்தில் அதற்குள் வேறு ஒலி நின்றது. ஒலி வற்றிவிட்டது, கட்டு நிற்கிறது.

கடலைக் குறிக்கும் ‘சீ’யும் பார்ப்பதைக் குறிக்கும் ‘சீ’யும் சோசர் என்ற கவிஞர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டில் ஒரே ஒலி அல்ல. பார்ப்பது ஏறத்தாழ ‘சே’ என்று இருந்தது. கடலும் ‘சே’தான், ஆனால் வாயை இன்னும் அகலத் திறந்து சொல்லும் ‘சே’. இறைச்சியும் சந்திப்பதும் அப்படியே. இன்று இரண்டும் ‘மீட்’, அன்று வேறு வேறு. 15ஆம் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ 300 ஆண்டுகளில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் வாய்க்குள் இடம்பெயர்ந்தன. ஒன்று மேலே ஏற, அது விட்ட இடத்துக்கு மற்றொன்று வந்தது. இடப்பெயர்வைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை: ஒரு குடும்பம் போன வீட்டுக்குப் பின்னால் வந்த குடும்பம் குடியேறும், சில வேளை இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் இருக்க நேரும். இரண்டு ‘சீ’யும் அப்படி ஒரே வீட்டில் வந்து சேர்ந்தவை.

வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் திறந்தது 1476இல். ஒலிகள் இடம்பெயர்ந்துகொண்டிருந்த அதே காலம். அச்சு வந்தபின் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகியது. ஒலியோ அதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. சில சொற்கள் கூட்டத்தோடு போகாமல் வழியில் நின்றும்விட்டன. உடைப்பதைக் குறிக்கும் ‘பிரேக்’ அப்படி நின்ற ஒன்று. அதனால்தான் அது சைக்கிள் ‘பிரேக்’கோடு ஒலியில் ஒட்டிக்கொண்டது. கட்டையில்லாத பிரேக்கோடு பாடசாலைக்கு வரும் பையன்களுக்கு இந்த இரண்டு சொல்லின் உறவைச் சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

மௌனமாகக் கிடக்கும் எழுத்துகளும் இதே கதைதான். குதிரைவீரனைக் குறிக்கும் ‘நைட்’டின் முன்னால் ஏன் ஒரு கே? ஒரு காலத்தில் அதைச் சொன்னார்கள்: ‘க்னிஹ்ட்’ என்பதுபோல, வாய்க்குள் காற்று உரச. ‘நோ’ என்றால் அறிவது, ‘நோ’ என்றால் இல்லை. முதலாவதின் முன்னாலும் அந்தக் கே காவல் நிற்கிறது. எழுதுவதைக் குறிக்கும் ‘ரைட்’டின் முன்னால் டபிள்யூ இருக்கிறது, அதுவும் முன்பு வாயில் இருந்தது. அது போனவுடன் எழுதுவது, சரியானது, வலப்பக்கம், சமயச் சடங்கு எல்லாம் ஒரே ‘ரைட்’ ஆகின. இவற்றில் சரியும் வலமும் ஒரே சொல்லின் இரண்டு பொருள். எழுதுவது வேறு வேர். சடங்கு லத்தீனிலிருந்து வந்தது. தச்சர், கொல்லர் போன்ற கைவினைஞரைக் குறிக்கும் நான்காவது ‘ரைட்’டும் உண்டு, அது இன்று பெரும்பாலும் ஆட்களின் பெயரில்தான் மிஞ்சியிருக்கிறது. இத்தனைக்கும் மேலே எங்கள் பஸ் நடத்துநரின் ‘ரைட்’ இருக்கிறது. அதைக் கேட்டுச் சாரதி வலப்பக்கம் திருப்பினால் ஏ-9 வீதியில் யாரும் உயிரோடு வீடு போய்ச் சேர மாட்டார்கள்.

அந்த நடத்துநரின் ‘ரைட்’ ஏன் சாரதியைக் குழப்புவதில்லை? இதற்கான விடை தமிழில் எழுதிவைக்கப்பட்டு 700 ஆண்டுக்கு மேலாகிறது. ஒரு சொல் பல பொருள் தந்து நின்றால், அதோடு வரும் வினையால், சார்பால், இனத்தால், இடத்தால் பொருள் விளங்கும். இவற்றாலும் விளங்காவிட்டால் அதற்குரிய சிறப்புச் சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது நன்னூல் சொல்லும் விதி. அதற்கு முன்பே தொல்காப்பியம் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பிரித்துவிட்டது: வினையால் வேறுபாடு தெரிவது, வினையால் தெரியாதது. இலக்கண வகுப்பில் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு ‘மா’. மா பூத்தது என்றால் மரம். மா ஓடியது என்றால் விலங்கு. மா வீழ்ந்தது என்றால்? அங்கேதான் சிக்கல், ‘மாமரம் வீழ்ந்தது’ என்று நீட்ட வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு மாவைவிட நல்ல எடுத்துக்காட்டு வாசலிலேயே இருக்கிறது: வான். வானம் என்றும் பொருள். குளம் நிரம்பி மேலதிக நீர் வழிந்தோடும் இடத்துக்கும் வான் என்றுதான் பெயர். வீதியில் ஓடும் வாகனமும் வான். வான் இருண்டது, வான் பாய்கிறது, வான் பஞ்சராகிவிட்டது என்று சொன்னால் வினையே பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தின்போது இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்தார்கள். அந்தச் சமயம் கொழும்பிலிருந்து வந்து எங்கள் வீட்டில் நின்ற மருமகனிடம் பெரியப்பா, “தம்பி, வான் கதவு திறந்தாயிற்றாம்” என்றார். அவன் பயணப்பையைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் படலைவரை ஓடினான். வினை உதவாத இடம் இதுதான். ‘குளத்து’ என்ற ஒரு சொல்லைப் பெரியப்பா முன்னால் சேர்த்திருந்தால் பையன் நனைந்திருக்க மாட்டான். நன்னூல் கேட்பதும் அவ்வளவே.

ஆக, கேட்பவனுக்கு ஒரே ஒலி பெரிய தொல்லை அல்ல. ஆங்கிலேயருக்கும் அப்படித்தான். ‘ஐ சீ த சீ’ என்பதைக் கேட்ட எந்த ஆங்கிலப் பிள்ளையும் குழம்பாது. தொல்லை எழுதும்போதுதான் தொடங்குகிறது. தமிழில் வானை எந்தப் பொருளில் எழுதினாலும் எழுத்து ஒன்றே. ஆங்கிலம் மட்டும் பொருளுக்கொரு உடுப்பு மாட்டச் சொல்கிறது. சில இடங்களில் அந்த உடுப்பு பின்னால் தைத்தது. பூவைக் குறிக்கும் ‘ஃபிளவர்’, மாவைக் குறிக்கும் ‘ஃபிளவர்’ இரண்டும் பிறப்பில் ஒரே சொல். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சிலிருந்து வந்தது. அரைத்து அரித்தெடுத்த தானியத்தின் மிகச் சிறந்த பகுதியை அதன் ‘பூ’ என்றார்கள். சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில்கூட மாவுக்குத் தனி எழுத்துக்கூட்டல் கிடையாது. பிறகுதான் சமையலறைக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று என்று பாகப்பிரிவினை நடந்தது. எங்கள் ‘மா’வோ இன்னும் கூட்டுக்குடும்பம்: கோதுமை மா, மாமரம், விலங்கு, பெரியது, இருபதில் ஒரு பங்கு எல்லாம் ஒரே எழுத்தில். மாங்குளம் என்ற பெயரைப் பார்த்து அது கோதுமை மாக் குளமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

கடைப் பலகைகளில் பார்க்கும் ஒரு பிழையையும் இந்தக் கணக்கில் சொல்லலாம். கொப்பி, பேனை விற்கும் கடையின் ‘ஸ்டேஷனரி’யில் கடைசிப் பகுதிக்கு ஈ வர வேண்டும், ஏ போட்டால் அசையாமல் நிற்பது என்று பொருள். எங்கள் பக்கப் பலகைகளில் பாதி அசையாமல்தான் நிற்கின்றன. சிரிக்கத் தோன்றும், ஆனால் பலகை எழுதியவர் அறியாமலே பழைய உறவைத் தொட்டுவிட்டார். மத்தியகால இங்கிலாந்தில் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்காமல், ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்டுப் புத்தகம் விற்றவரைத்தான் ‘ஸ்டேஷனர்’ என்றார்கள். அசையாமல் நின்றவர் விற்ற பொருள் என்பதால் அந்தப் பெயர்.

இனி, பாடப்புத்தகம் எழுதுகிறவர்களுக்குத் தோன்றாத இரண்டு சொற்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது ‘மைன்’. என்னுடையது என்ற பொருளில் கீழ் வகுப்புகளிலேயே வந்துவிடும் சொல்: இந்தப் புத்தகம் என்னுடையது, அந்தப் பந்து என்னுடையது. மீள்குடியேற்றம் தொடங்கிய ஆண்டுகளில் இதை நான் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு ஒரு கணம் பேசாமல் இருந்தது. அந்த நான்கு எழுத்தையும் பிள்ளைகள் ஏற்கனவே வாசித்திருந்தார்கள், சிவப்புப் பலகையில், மண்டையோட்டுப் படத்துக்குப் பக்கத்தில். ஆபத்து, மிதிவெடி. ஒலி மட்டும் ஒன்றல்ல, எழுத்தும் ஒன்று. பின்வரிசைப் பையன் ஒருவன், “சேர், பந்து வெடிக்குமா?” என்று கேட்டான். சிலர் சிரித்தார்கள். நான் அன்று ஒலி ஒப்புமை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘மை’ என்று மாற்றி, ‘என் பந்து’ என்ற வாக்கியத்தை எழுதினேன்.

பிறகு தேடிப் பார்த்தேன். இரண்டும் சொந்தமில்லாதவை. என்னுடையது என்பது ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொல். மற்றது பிரெஞ்சு வழியாக வந்தது. நிலத்தைத் தோண்டுவது, சுரங்கம் என்பதே அதன் முதற்பொருள். கோட்டை மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டிச் சரிப்பது பழைய போர்முறை. அந்தச் சுரங்கத்துக்குள் பின்னர் வெடிமருந்து வைத்தார்கள். அதன்பின் சுரங்கம் போய், நிலத்தடியில் வைக்கும் வெடிக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது 2017இல். பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன. இப்போது ஆறாம் தரத்தில் இருப்பவர்களில் பலருக்கு ‘மைன்’ என்றால் பந்துதான்.

இரண்டாவது ‘பாஸ்’. இது வேறு வகை: ஒரே சொல்லே பல பொருளாகக் கிளைத்தது. காலடியைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்து, கடப்பது என்று பொருள்பட்டது. பரீட்சையைக் கடந்தால் பாஸ். கடக்கும் இடமும் பாஸ். ஆனையிறவை ஆங்கிலத்தில் யானைப் ‘பாஸ்’ என்கிறார்கள். கடப்பதற்குத் தரும் அனுமதித் துண்டும் பாஸ். போர்க்காலத்தில் வன்னியை விட்டு வெளியேற ஒரு பாஸ், வவுனியாவில் தங்க இன்னொரு பாஸ் என்று அலைந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. என் தாயாருக்கு இன்றும் ‘பாஸ்’ என்றால் முதலில் அந்தத் துண்டுதான், நான் பரீட்சை பாஸ் என்று சொன்னபோது, “எத்தனை நாளுக்குத் தந்தவர்கள்?” என்று கேட்டிருக்கிறார். கடந்தது என்ற இறந்தகால வினையும், கடந்தகாலம் என்ற பெயரும் ஒலியில் ஒன்றாகி எழுத்தில் பிரிந்தது இதே குடும்பத்தில்தான். அதையும் பரீட்சையில் கேட்பார்கள்.

இதுவரை சொன்னவை ஆங்கிலேயர் காதுக்கும் ஒன்றாகக் கேட்பவை. எங்கள் காதுக்கு மட்டும் ஒன்றாகக் கேட்கும் இன்னொரு பட்டியல் இருக்கிறது. உண்மையில் அதுதான் பெரிய தலைவலி. பக்கத்து வீட்டுத் தம்பி, “அண்ணா, கோல் வந்தது” என்று ஓடிவந்தால், தொலைபேசி அழைப்பா, பள்ளி மைதானத்தில் விழுந்த கோலா என்று நான் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். மாடு சாய்க்கும் கோல் வேறு. ஆங்கிலத்தில் அழைப்பின் உயிரொலியும் பந்து புகும் கோலின் உயிரொலியும் வேறு. தொடங்கும் மெய்யும் வேறு. ஈழத்துத் தமிழ் இரண்டையும் ஓகாரத்தில் போட்டு, க-வை முன்னால் வைத்துவிட்டது. இப்படியே மண்டபமும் ஓட்டையும் ‘ஹோல்’, சட்டமும் தாழ்வும் ‘லோ’. பயிற்சிக் கொப்பிக்கும் குடிக்கும் கோப்பிக்கும் நடுவில் ஒரு குறில் நெடில்தான் காவல்; ஆங்கிலத்தில் அவற்றைப் பிரிக்கும் எஃப் ஒலி எங்களிடம் பகரமாகிவிட்டது. வகரத்தில் மேற்கும் உள்ளே போடும் பெனியனும் ஒன்று. மேற்குத் திசையை அணிந்துகொண்டு வந்த கட்டுரைகளை நான் திருத்தியிருக்கிறேன்.

ரகரத்தின் விளையாட்டு வேறு. தமிழ்நாட்டில் டயர் என்பார்கள், நாங்கள் ரயர். ஆங்கில ரி (T) ஒலிக்கு ரகரமும், டி (D) ஒலிக்கு டகரமும் என்று பிரித்து எழுதுவது எங்கள் பழக்கம். இதில் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. ரியும் டியும் கலக்கவில்லை. ஆனால் ரெயின் என்று எழுதினால் மழையா யாழ்தேவிப் புகையிரதமா என்பது தெரியாது. ரயரிலும் ஒரு சங்கதி இருக்கிறது: பிரித்தானியர் சக்கரத்து ரயருக்கு வை போடுவார்கள், களைத்துப் போவதற்கு ஐ போடுவார்கள், அமெரிக்கர் இரண்டுக்கும் ஐதான். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கு ரயர் மாற்றி முடித்தவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பதில் அமெரிக்கர் கட்சிதான் சரி.

மண்டபத்தையும் ஓட்டையையும் கலந்து பேசுகிறவர்களைக் கொழும்பில் ‘நொட் பொட்’ என்று கேலி செய்யும் வழக்கம் உண்டு. ஆங்கிலம் வீட்டுமொழியாக இருந்தவர்கள், பாடசாலையில் மட்டும் அதைக் கற்றவர்களை அடையாளம் காணக் கையாண்ட அளவுகோல் அது. எனக்கு அதில் ஒருபோதும் சிரிப்பு வந்ததில்லை. வட அமெரிக்காவில் உலோகமும் பதக்கமும் ஒரே ஒலியில் வருகின்றன. ரியை அவர்கள் டி போலத்தான் நடுவில் சொல்கிறார்கள். லண்டனில் நீதிமன்றமும் பிடிபட்டதும் ஒரே ‘கோட்’. ஸ்கொட்லாந்துக்காரர் பலர் சூனியக்காரியையும் ‘எது’ என்பதையும் பிரித்துச் சொல்ல, தெற்கு இங்கிலாந்துக்காரர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். இவர்களை யாரும் பெயர் வைத்துக் கேலி செய்வதில்லை. எவை ஒரே ஒலி என்பது பேசுகிறவரின் ஊரைப் பொறுத்தது. அவர் செய்தது பிழையா என்பதும் பல வேளை அந்த ஊரைப் பொறுத்தே தீர்ப்பாகிறது.

எதிர்ப்பக்கத்தையும் ஒரு தரம் பார்க்க வேண்டும். தமிழ் எழுத்து ஆங்கிலச் சொற்களைக் குழைப்பதுபோல, ஆங்கில எழுத்து எங்கள் சொற்களைக் குழைக்கிறது. ஏ-9 வீதியில் வவுனியாவிலிருந்து வடக்கே வரும்போது ஓமந்தைக்கு அப்பால் புளியங்குளம். புளியமரக் குளம். ஆங்கிலப் பலகையை மட்டும் வாசிப்பவருக்கு ளகரமும் லகரமும் ஒரே எல். புளியும் புலியும் ஒன்று. வெளியூர் நண்பர் ஒருவர் ஊர்ப் பெயரை வைத்து ஏதோ பெரிய வரலாறு சொல்லத் தொடங்கினார். “ரசம் வைக்கிற புளி” என்று சொல்லி நிறுத்த வேண்டியிருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும் பிள்ளைகளின் குறுஞ்செய்திகளில் களையும் கலையும் ஒரே உருவத்தில் வருகின்றன. வயலுக்குக் களை மருந்து வாங்கச் சொல்லி மகன் அனுப்பிய செய்தியைப் பார்த்து, கலைக்கு என்ன வருத்தம் என்று கேட்ட தகப்பனை எனக்குத் தெரியும். கலை அவருடைய மகள்.

வகுப்புக்குத் திரும்புகிறேன். ஒலி ஒத்த சொற்களைச் சோடி சோடியாக எழுதி மனப்பாடம் செய்யவைப்பதை நான் நிறுத்திவிட்டேன். சோடியாகக் கற்ற சொற்கள் சோடியாகவே நினைவுக்கு வருகின்றன. எது எது என்பது அப்போதுதான் மறக்கிறது. ஒரு வாரம் கடல் மட்டும்: அலை, வலை, வள்ளத்தோடு. அடுத்த மாதம் பார்ப்பது, கண்ணோடும் கண்ணாடியோடும். இனத்தாலும் சார்பாலும் விளங்கட்டும் என்று நன்னூல் சொன்னதைத்தான் எழுத்துக்கூட்டலுக்கும் செய்கிறேன். கேட்பதைக் குறிக்கும் ‘ஹியர்’க்குள் காது முழுதாக இருக்கிறது, ஈ, ஏ, ஆர், இதைக் காட்டியபின் அந்தச் சொல்லில் பிழைவிட்டவர்கள் மிகக் குறைவு.

போன ஓகஸ்ட் மாதம் லண்டனிலிருந்து தங்கை குடும்பம் வந்திருந்தது. மருமகளுக்குப் பன்னிரண்டு வயது, அங்கே பிறந்தவள். வகுப்புக்கு வந்து பிள்ளைகளோடு இரண்டு மணித்தியாலம் ஆங்கிலத்தில் பேசினாள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். போகும்போது கரும்பலகையில் நன்றி எழுதிவிட்டுப் போனாள். தங்கள் வீட்டுக்கு அழைத்து மாம்பழம் தந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி. அதில் ‘அவர்களுடைய வீடு’ என்று வர வேண்டிய இடத்தில், அதே ஒலியில் ‘அங்கே வீடு’ என்று இருந்தது. ஆங்கிலத்தைக் காதால் கற்றவர்கள் வழக்கமாக விடும் பிழை அது. கண்ணால் கற்ற முல்லைத்தீவுப் பிள்ளை முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். என் மேசையில் சிவப்பு வெண்கட்டி இருக்கிறதா என்று கேட்டாள்.